டாப்லெட்டுக்கும் ஒரு கைமுக்கா?

பழையாற்றங்கரையில் நிற்கும் சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்குப் போகிறவர்கள் இசைத் தூண்களைப் பார்க்கிறார்கள். நெடிதுயர்ந்த அனுமாரைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். அதே கோயிலில் ஒரு காலத்தில் நடந்துவந்த வழக்கு விசாரணையை நினைப்பவர் சிலரே. அதற்குக் கைமுக்கு என்று பெயர். குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி, கொதிக்கும் நெய்யில் கையை முக்க வேண்டும். கை வேகாவிட்டால் அவர் குற்றமற்றவர், வெந்துவிட்டால் குற்றவாளி. சாட்டியவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. சாட்டப்பட்டவர்தான் தம் கையைக் கொடுத்து நிரூபிக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில், சுவாதித் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில், அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது.

நெய்க் கொப்பரை போய்விட்டது. ஆனால் அந்த நியாயம் போய்விட்டதா? அதுதான் இல்லை. அது இன்று சர்வீஸ் சென்டரில் வந்து உட்கார்ந்திருக்கிறது!

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்க்கலாம். சுசீந்திரத்தில் ஒரு குடும்பம். கல்லூரியில் படிக்கும் மகனுக்குத் தகப்பனார் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு டாப்லெட் வாங்கித் தருகிறார். ஓராண்டு வாரண்டி. கருவியோடு கூடவே வந்த வேண்டாத செயலிகள் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. நீக்கப் பார்த்தால் நீங்குவதில்லை. பையன் தன் சிநேகிதனிடம் கேட்டறிந்து அதை ‘ரூட்’ செய்கிறான். இரண்டு மாதம் ஒழுங்காக ஓடுகிறது. பிறகு சார்ஜர் செருகும் இடம் தளர்ந்து, சார்ஜ் ஏறாமல் நின்றுவிடுகிறது. தகப்பனாரும் மகனும் நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறுகிறார்கள்.

“ரூட் பண்ணியிருக்கீங்க. இனி வாரண்டி கிடையாது” என்கிறார் அங்கிருக்கும் இளைஞர்.

“சார்ஜ் ஏறாததுக்கும் இவன் செஞ்சதுக்கும் என்ன சம்பந்தம், தம்பி?”

“கம்பெனி ரூல் அப்படி, அண்ணாச்சி.”

தகப்பனார் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. அவருக்குக் கிடைத்தது பதிலே அன்று.

‘ரூட்’ என்பது என்ன? ஆண்ட்ராய்டு, லினக்ஸ் என்னும் அஸ்திவாரத்தின்மேல் கட்டப்பட்டது. அந்த அமைப்பில் சகல அதிகாரமும் உள்ள பயனருக்கு ரூட் என்று பெயர். கருவியை விற்கும் கம்பெனி அந்த அதிகாரத்தை மட்டும் பூட்டி வைத்துக்கொள்கிறது. வீட்டை விலைக்கு விற்றுவிட்டு, ஓர் அறையின் சாவியை மட்டும் கட்டியவரே இடுப்பில் செருகிக்கொண்டு போவது போல! அந்த அறையைத் திறந்துகொள்வதே ரூட் செய்வது. வேண்டாததை நீக்கலாம், கம்பெனி கைவிட்ட பழைய கருவியில் புதிய ஆண்ட்ராய்டை ஏற்றி இன்னும் சில காலம் ஓட்டலாம்.

இதில் ஆபத்தே இல்லை என்று சொல்வதற்கில்லை. வேலை பாதியில் தவறினால் கருவி கண் திறக்காமலே போய்விடக்கூடும். ‘செங்கல் ஆகிவிட்டது’ என்று பையன்கள் சொல்வது இதைத்தான். தீய மென்பொருள் நுழைந்துவிட்டால் அதன் கைக்கும் சகல அதிகாரமும் போகக்கூடும். வங்கிச் செயலிகள் பல, ரூட் செய்த கருவியில் ஓட மறுக்கும். இவற்றால் வரும் நஷ்டத்தைக் கம்பெனியின் தலையில் கட்டுவது நியாயமன்று. செய்ததை மறைப்பதும் முறையன்று. சாம்சங் கருவிகள் பலவற்றில் மறைக்கவும் முடியாது. கம்பெனி ஒப்பாத மென்பொருளை ஏற்றினால், உள்ளே ஒரு நுண்ணிய மின் உருகி எரிந்து, அழிக்க முடியாத அடையாளத்தை விட்டுவிடும்.

ஆனால் அந்த அடையாளம் சொல்வது என்ன? பூட்டுத் திறக்கப்பட்டது என்பதை மட்டுமே. அதனால்தான் சார்ஜர் செருகும் இடம் தளர்ந்தது என்று அது சாட்சி சொல்லவில்லை. சைக்கிளுக்கு வேறு மணி மாட்டியவரிடம், “மணியை மாற்றிவிட்டீர், ஆகவே ஃபிரேம் முறிந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை” என்று கடைக்காரர் சொன்னால் ஊர் சிரிக்காதா?

மற்ற நாடுகள் இதை யோசித்திருக்கின்றன. தன் பெயர் பொறித்த உதிரிப் பாகத்தையே விலைக்கு வாங்கிப் போட்டால்தான் வாரண்டி என்று கம்பெனி நிபந்தனை போடுவதை அமெரிக்கா 1975ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே பொதுவாகத் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரி முதல் அமலில் உள்ள விதி இன்னும் தெளிவானது. பொருளை வாங்கிய ஓராண்டுக்குள் தெரியவரும் குறை, வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்றால் விற்றவரே நிரூபிக்க வேண்டும்.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மாவட்ட ஆணையம் நாகர்கோவிலிலேயே இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணமே கிடையாது. குறை எதனால் என்று பார்த்துத் தெரியாவிட்டால், பொருளைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. கொதிக்கும் நெய்க்குப் பதில் சோதனைக் கூடம், நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அந்தச் சோதனைக்கான பணத்தைப் புகார் கொடுத்தவரையே முதலில் கட்டச் சொல்லவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. சின்னப் பழுதுக்காக அத்தனை தூரம் போகிறவர் எத்தனை பேர்? மறுபடியும் நிரூபிக்க வேண்டியவர் வாங்கியவர்தான்!

பழுது பார்க்கும் உரிமையை ஆராய மத்திய அரசு 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. செல்போனும் டாப்லெட்டும் அதன் ஆராய்ச்சியில் சேர்ந்தவையே. அந்த முயற்சி கனிய வேண்டுமானால் ஒரே ஒரு விதி அவசியம்: ரூட் செய்ததால்தான் பழுது நேர்ந்தது என்று கம்பெனி சொன்னால், அதைக் கம்பெனியே தன் செலவில் நிரூபிக்கட்டும். நிரூபித்தால் வாரண்டி இல்லை; முடியாவிட்டால் பழுதைச் சரிசெய்து கொடுக்கட்டும்.

அதுவரை வாங்குவோர் விழிப்பாக இருப்பது நலம். வாரண்டிக் காலம் முடியும்வரை ரூட் ஆசையைத் தள்ளிப்போடலாம். பில்லைப் பத்திரப்படுத்த வேண்டும். மறுத்தால், மறுத்த காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம்.

கைமுக்கை நிறுத்தி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அதே ஊர்க்காரர் ஒருவர், ஒரு டாப்லெட்டுக்காகத் தம் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டுமா?