லாரி வேறு, நடை வேறு

"அது சும்மா தியரி பேப்பர்டா. பரீட்சைக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்தா போதும். கோடிங் கத்துக்கோ, வேலை தானா வரும்." போன வாரம் கும்மிடிப்பூண்டி லோக்கலில் காதில் விழுந்தது இது. சொன்னவர் படிப்பை முடித்து வேலையில் சேர்ந்துவிட்ட ஓர் அண்ணன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மூன்றாம் ஆண்டுத் தம்பிகள். மென்பொருள் பொறியியலையும் பொருள்நோக்கு வடிவமைப்பையும் பற்றித்தான் பேச்சு. பின்னது அவர்கள் பாஷையில் 'ஓஓஏடி'. தம்பிகள் தலையாட்டினார்கள். உடன் வந்த ஒரு தகப்பனாரும் தலையாட்டினார். மீஞ்சூர் தாண்டியும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

இந்தப் பேச்சைத் திருவள்ளூர் மாவட்டத்தில் எந்தக் கல்லூரி கேன்டீனிலும் கேட்கலாம். பயிற்சி மையங்களின் பிழைப்பே இதில்தான் ஓடுகிறது. நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி மில்களுக்கும் சின்னப் பட்டறைகளுக்கும் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடுப்பவன். "கோடிங் தெரிந்தால் போதும்" என்று நம்பிப் படித்தவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போனதைச் சரிசெய்வதிலேயே என் வேலையில் பாதி கழிகிறது.

ஒரு கம்பி மில்லின் வே பிரிட்ஜ் கதையைச் சொல்கிறேன். ஸ்கிராப் ஏற்றிய லாரி மேடையில் ஏறி நிற்கும். அடியில் இருக்கும் லோடு செல் எடையைச் சொல்லும், இண்டிகேட்டரில் எண் ஓடி நிற்கும், அது கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு வரும். சரக்கை இறக்கிவிட்டுக் காலி வண்டியாக மறுபடி ஏறும். லோடு எடையில் காலி எடையைக் கழித்தால் சரக்கின் எடை. சிலிப் அடித்துக் கொடுத்துவிடலாம். இதற்கு ஒரு பையன் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தான். கெட்டிக்காரப் பையன். கோடில் ஒரு வரி கோணல் கிடையாது, திரை அழகாக இருந்தது, வேகமாக ஓடியது.

லாரியின் காலி எடையை அவன் லாரியின் பதிவிலேயே வைத்துவிட்டான். வண்டி எண், உரிமையாளர், காலி எடை என்று ஒரே வரிசை. ஆனால் காலி எடை நடைக்கு நடை மாறும். டீசல் டேங்க் நிரம்பியிருக்கும், அல்லது வற்றியிருக்கும், தார்ப்பாய் நனைந்திருக்கும், ஸ்டெப்னி இருக்கும், இருக்காது, கிளீனர் இறங்கியிருப்பான், இறங்காமலும் இருப்பான். ஒவ்வொரு முறை புதிதாகக் காலி எடை ஏறும்போதும் பழையது அழிந்தது. மூன்று மாதம் கழித்து ஒரு பார்ட்டி பழைய சிலிப்பைக் கொண்டுவந்து நிற்க, மில்லில் அதே சிலிப்பை மறுபடி அடித்தால் வேறு எடை வருகிறது. அந்தப் பழைய நடையின் லோடு எடையிலிருந்து நேற்றைய காலி எடையைக் கழித்துக் காட்டியது புரோகிராம். வே பிரிட்ஜ் ஆபரேட்டர்தான் திருட்டுப் பட்டம் சுமந்தார். 20 வருஷமாக அதே மேடையில் உட்கார்ந்திருக்கும் மனிதர்.

லாரி வேறு, நடை வேறு. காலி எடை நடைக்குச் சொந்தம். இந்த ஒன்றைப் பார்க்கத் தவறியதால்தான் இத்தனையும். இன்னொன்றும் உண்டு. அதே லாரி சாயங்காலம் காலியாக ஒரு முறை, 8 எம்எம் கம்பி ஏற்றி ஒரு முறை, மேலே 12 எம்எம் ஏற்றி மறுபடி ஒரு முறை என்று எடை போடும். புரோகிராமில் 'முதல் எடை', 'இரண்டாம் எடை' என்று இரண்டே கட்டம். மூன்றாவது எடைக்கு இடமில்லாததால் ஆபரேட்டர் அதை நோட்டில் எழுதிவைத்தார். அந்தப் பையன் அவர் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். "ஒரு நடைக்கு எத்தனை தடவை எடை போடுவீங்கண்ணே?" என்று கேட்கக்கூட அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதைக் கேட்கச் சொல்லித்தரும் பாடத்துக்குத்தான் 'சும்மா தியரி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பாடம் எங்கிருந்து வந்தது என்றாவது தெரியுமா இவர்களுக்கு? ஆஸ்லோவில் 1960களில் ஓலே-யோகான் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்ற இருவர் சிமுலா மொழியை உருவாக்கினார்கள். நிஜ உலகத்தின் வேலைகளைக் கம்ப்யூட்டரில் நடத்திப் பார்ப்பதற்கென்றே பிறந்த மொழி அது. பாலத்துச் சுங்கச்சாவடியில் லாரியும் பஸ்ஸுமாக வரிசை நிற்பதைப் பற்றி யோசித்தபோதுதான், 'வண்டி' என்ற பொதுவான ஒன்றும் அதற்குக் கீழே லாரி, பஸ் என்ற வகைகளும் வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு வந்தது. இன்று ஜாவாவில் பையன்கள் மனப்பாடம் செய்யும் இன்ஹெரிட்டன்ஸின் பிறப்பு அதுதான். நம் பிள்ளைகள் நல்லூர் டோல்கேட்டை எத்தனையோ தடவை கடந்திருப்பார்கள். அங்கே நிற்கும் லாரி வரிசைக்கும் தங்கள் பாடத்துக்கும் உறவு உண்டு என்று யாரும் காட்டியிருக்க மாட்டார்கள்.

பாடப் புத்தகத்திலேயே என் வே பிரிட்ஜ் கதை இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 விதிமுறையில் ஓஓஏடிக்கு கிரெய்க் லார்மனின் புத்தகம் பாடநூலாக இருந்தது. கடையில் விற்கும் பொருள் வேறு, அந்தப் பொருளைப் பற்றிய விவரம் வேறு என்று அதில் எடுத்துச் சொல்கிறார். விலையையும் வர்ணனையையும் பொருளோடு ஒட்டி வைத்தால், கடைசிப் பொருள் விற்றதும் விலையும் காணாமல் போய்விடும். லாரியும் நடையும் இதே கணக்கு. படித்தவன் ஏமாறமாட்டான். 13 மார்க் கேள்விக்கு ஜெராக்ஸ் கடை நோட்ஸை உருப்போட்டவன் ஏமாறுவான்.

லேப் ரெக்கார்டு இதைவிட மோசம். பாஸ்போர்ட் ஆட்டோமேஷன், புக் பேங்க், தேர்வுப் பதிவு, ஸ்டாக் மெயின்டெனன்ஸ்: வருஷா வருஷம் இதே தலைப்புகள். சீனியர் ரெக்கார்டு ஜூனியருக்கு, ஜூனியர் ரெக்கார்டு அவனுடைய ஜூனியருக்கு. பாஸ்போர்ட் அலுவலக வாசலைக்கூட மிதிக்காதவன் அதற்கு கிளாஸ் டயகிராம் வரைகிறான். அம்பு சரியான பக்கம் போகிறதா என்று பார்த்து ஆசிரியர் கையெழுத்துப் போடுகிறார். ஏன் இந்த அம்பு என்று கேட்க அவருக்கும் நேரமில்லை. ஐந்து பேர் செய்யவேண்டிய வேலையை இரண்டு பேர் தலையில் கட்டி, அவர்களுக்கும் ஒழுங்காகச் சம்பளம் கொடுக்காத நிர்வாகங்களைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும். இது போதாதென்று 2021 விதிமுறையில் மென்பொருள் பொறியியலையும் ஓஓஏடியையும் சேர்த்து ஒரே பாடமாகச் சுருக்கிவிட்டார்கள். இடம் தேவைப்பட்டதும் கத்தி விழுந்த இடம் இதுதான்.

"இதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான், சின்ன புரோகிராமுக்கு எதுக்கு?" என்பார்கள். பெரியதிலும் சின்னதிலும் பிழை ஒன்றுதான். 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி 40 நொடிக்குள் சிதறியது. ஏரியன் 4-இல் ஒழுங்காக ஓடிய மென்பொருளை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். 64 பிட் எண்ணை 16 பிட்டில் திணிக்க முயன்று வழிகாட்டும் கருவி நின்றது. மாற்றுக்கு இருந்த கருவியிலும் அதே மென்பொருள், அதுவும் நின்றது. பழைய ராக்கெட்டுக்கு அந்தக் கோடில் தவறே இல்லை. எந்த ராக்கெட்டுக்காக எழுதியது என்ற கேள்வியைக் கேட்காமல் விட்டார்கள். வே பிரிட்ஜ் பையன் எந்த நடையின் காலி எடை என்று கேட்காமல் விட்டதும் இதே பிழைதான்.

இப்போது புதுப் பல்லவி: "கோடெல்லாம் ஏஐ எழுதிடும்." எழுதட்டும். "வே பிரிட்ஜுக்கு ஒரு புரோகிராம்" என்று மட்டும் கேட்டால், காலி எடையை லாரியோடு ஒட்டி வைத்து அதுவும் அரை நிமிடத்தில் கொடுத்துவிடலாம். ஸ்டெப்னி, தார்ப்பாய் கதையெல்லாம் ஆபரேட்டர் அண்ணனிடம்தான் இருக்கிறது. கோட் அடிப்பதை இயந்திரம் பார்த்துக்கொண்டால், மனிதனுக்கு மிஞ்சுவது எதை எழுதுவது என்று கண்டுபிடிக்கும் வேலை. அதாவது, இவர்கள் வேண்டாம் என்று தள்ளும் அந்தப் பாடம்.

பெற்றோரிடமும் எனக்குக் கோபம் உண்டு. ஊரைச் சுற்றிலும் உருக்கு உலை, தேர்வாய் கண்டிகையில் மிஷ்லின் டயர் ஆலை, எண்ணூரில் அசோக் லேலண்ட். இத்தனை இருக்கும் வட்டாரத்தில் மெக்கானிக்கல் என்றாலே முகம் சுளித்து, எல்லோரையும் கம்ப்யூட்டர் சயின்ஸில் கொண்டு தள்ளுகிறார்கள். தள்ளிவிட்டு, அந்தப் படிப்பிலும் யோசிக்க வைக்கும் ஒரே பாடத்தை "பாஸ் பண்ணா போதும்" என்கிறார்கள். 'பேக்கேஜ் எவ்வளவு' என்ற ஒரு கேள்வியைத் தவிர கல்லூரியிடம் வேறெதுவும் அவர்கள் கேட்பதில்லை.

கல்லூரிகள் இருக்கும் கவரைப்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷன்தான் சிப்காட் இருக்கும் கும்மிடிப்பூண்டி. அவ்வளவு பக்கம். பாஸ்போர்ட் ஆட்டோமேஷனைத் தூக்கிப்போட்டுவிட்டு, ஆறாவது செமஸ்டர் பிள்ளைகளை நால்வர் நால்வராக ஒரு வே பிரிட்ஜிலோ, ஸ்டோரிலோ, டிஸ்பேட்ச் மேஜையிலோ ஒரு நாள் உட்கார வைக்கவேண்டும். அங்கே கேட்டதை வைத்து டயகிராம் வரையட்டும். வரைந்ததை அங்கே வேலை பார்க்கிறவரிடமே காட்டி, அவர் தப்பு சொன்ன இடத்தைத் திருத்தட்டும். வைவாவில் கேள்வி கேட்கும் நாற்காலி ஒன்றை அந்த ஆபரேட்டருக்கும் போடுங்கள்.