அகர வரிசையும் தரவுத்தளமும்

தமிழ் நூற்பட்டியல்களைக் கணினியில் ஏற்றுவது பற்றிப் பேச்செழும்போதெல்லாம் எழுத்துரு, ஒருங்குறி, தட்டச்சுப் பிழை என்பனவற்றோடு உரையாடல் நின்றுவிடுகிறது. அப்பட்டியல் குடியிருக்கப் போகும் தரவுத்தளத்தை வழங்கியில் புதிதாக நிறுவும் வேலையை 'அது கணினிக்காரர் பாடு' என்று ஒதுக்கிவிடுவதே வழக்கம். தமிழ் படித்தவர் ஒருவர் கட்டாயம் உடன் அமர்ந்திருக்க வேண்டிய நேரம் அதுதான் என்பது நம் கருத்து.

அண்மையில் ஒரு துறை நூலகத்தின் கணினிப் பட்டியலைக் காண நேர்ந்தது. 'மணிமேகலை'க்கு அடுத்து 'மனோன்மணீயம்' நின்றது. 'மரப்பசு' அதற்கும் பின்னால். நெடுங்கணக்கு அறிந்தவர் ரகரத்தை முன்னும் னகரத்தைக் கடைசியிலும் அல்லவா தேடுவார்? பார்த்த இடத்தில் காணாமல், நூல் இல்லை என்று திரும்பிவிடுவார். நூலோ அலமாரியில் தூசி படிந்து கிடக்கும்.

இக்குழப்பத்தின் வேர் சற்றுப் பழையது. ஒருங்குறியில் இந்திய மொழிகளுக்கான இடங்கள் 1988ஆம் ஆண்டின் 'இஸ்கி' தரத்தைத் தழுவி ஒதுக்கப்பட்டன. தேவநாகரி அட்டவணைக்கு இணையாகவே தமிழும் அமர்த்தப்பட்டது. ஆகவே னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னும் வந்துவிட்டன. புள்ளி தனிக் குறியாதலால் மெய்யெழுத்தின் இடமும் தவறுகிறது: அகராதியில் 'அக்கா' முன், 'அகம்' பின், குறியெண் வரிசையிலோ நேர் எதிர். ஒருங்குறி எண்கள் சேமிப்பதற்கானவையே, வரிசைக்கானவை அல்ல என்று கணினியறிஞர்கள் சொல்வர். உண்மைதான். வரிசைக்கெனத் தனி விதி உண்டு. அதை வேண்டுமென்று கேட்டுப் பெற வேண்டும்.

கேட்க வேண்டிய தருணம் எது? கட்டணமின்றிக் கிடைப்பதும் கல்லூரிகளுக்கு ஏற்றதுமான போஸ்ட்கிரெஸ் மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். அதைக் கைப்பட நிறுவுகையில் முதலில் 'இனிட்டிடிபி' என்னும் கட்டளையால் தரவுக் கோப்பகம் உருவாகிறது. மொழியைக் குறிப்பிடாவிட்டால் வழங்கியின் சூழலில் என்ன மொழி உள்ளதோ அதுவே வந்து ஒட்டிக்கொள்ளும். சூழலிலும் எதுவும் இல்லையெனில் 'சி' எனப்படும் வெறும் குறியெண் வரிசை. குறியாக்கமும் அப்போது 'எஸ்கியூஎல் ஆஸ்கி' ஆகிவிடும்; அது எந்த எழுத்தையும் சரிபார்க்காமல் விழுங்கும். பழைய திஸ்கிப் பட்டியலும் ஒருங்குறிப் பட்டியலும் ஒரே அட்டவணையில் கலந்து கிடந்தாலும் முணுமுணுக்காது. பிறகு உருவாக்கும் ஒவ்வொரு தரவுத்தளமும் ஒரு வார்ப்புருவின் நகலே. வேறு வரிசை வேண்டுமானால் 'டெம்ப்ளேட்0' என்னும் தூய வார்ப்புருவைச் சுட்டி, குறியாக்கம் 'யுடிஎஃப்8' என்றும், வரிசைமுறை 'ஐசியு' தமிழ் என்றும் எழுதியாக வேண்டும். தளம் முழுமைக்கும் ஐசியு வரிசையை இவ்வாறு ஏற்கும் வசதி 2022இல் வெளிவந்த 15ஆம் பதிப்பில்தான் வந்தது. கட்டளை இரண்டு வரிதான். ஆனால் அமைத்தபின் அத்தளத்தின் அடிப்படை வரிசையை மாற்ற இயலாது; அனைத்தையும் வெளியே எடுத்துப் புதுத்தளத்தில் கொட்ட வேண்டும்.

ஏன் இத்தனை கடுமை? உறவுமுறைத் தரவுத்தளத்துக்கு 1970இல் வித்திட்ட காட் என்பாரின் கோட்பாட்டில் அட்டவணையின் நிரைகளுக்கு வரிசையே கிடையாது. வரிசை கேட்பவருடையது. எனினும் விரைந்து தேட வேண்டிச் சொல்லடைவு கட்டப்படுகிறது. அது ஒரு குறிப்பிட்ட வரிசையை நம்பியே நிற்கிறது. வரிசை மாறினால் அடைவு பொய்யாகும். 2018இல் லினக்சின் அடிப்படை நூலகமான 'ஜிலிப்சி' 2.28ஆம் பதிப்பில் வரிசை விதிகள் மாறியபோது பல நாடுகளில் போஸ்ட்கிரெஸ் அடைவுகள் பழுதுற்றன.

'இதெல்லாம் உலகப் பொதுமென்பொருள், நம் மொழிக்காக வளையுமா' என்று கேட்போருக்கு ஒரு செய்தி. மைஎஸ்கியூஎல் சுவீடன் நாட்டில் பிறந்தது. 2018இல் 8ஆம் பதிப்பு வரும்வரை, எதுவும் கேட்காதவருக்கு அது வழங்கி வந்தது சுவீடிய அகர வரிசையைத்தான்! குறியாக்கமோ லத்தீன். தமிழ்த் தலைப்பை உள்ளிட்டால் வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்து நிற்கும். அனுபவித்தவர் இங்கே பலர் இருப்பர். தம் மொழியின் வரிசையை அவர்கள் இயல்பெனக் கொண்டதில் நமக்குக் குறையில்லை. நாமும் நம்முடையதை எழுதிக் கேட்கலாம் என்கிறோம், அவ்வளவே.

அகர வரிசை நமக்கு எளிதாக வாய்த்ததன்று. திவாகரமும் பிங்கலமும் பொருள்வகையால் தொகுக்கப்பட்டவை. மனனம் செய்தவருக்கே கைகொடுப்பவை. 1594இல் இரேவண சித்தரின் அகராதி நிகண்டு, 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி என்று படிப்படியாக வந்த ஒழுங்கு அது. மதுரைத் தமிழ்ச் சங்கம் 1910இல் வெளியிட்ட அபிதான சிந்தாமணியை இன்றும் எடுத்த எடுப்பில் புரட்ட முடிவது அவ்வொழுங்கினால்தான். (சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பிரிந்திருப்பதைக் காட் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.)

அட்டவணைகளின் அமைப்பிலும் தமிழாசிரியருக்கு வேலை உண்டு. ஆசிரியர், நூல், பதிப்பு என்பவை தனித்தனி அட்டவணைகளாக வேண்டும். 1892ஆம் ஆண்டுச் சிலப்பதிகாரத்தில் இளங்கோவுக்கும் உ.வே.சா.வுக்கும் வெவ்வேறு பங்கு. சொ. விருத்தாசலமும் புதுமைப்பித்தனும் ஒருவரே என்பதைக் கணினி தானாக அறியாது. ஜகரம் சகரத்தை அடுத்து வருமா, னகரத்துக்கும் பின்னா என்பதில் மட்டும் நம்மிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம்; ஐசியு அதைக் கடைசியில்தான் வைக்கிறது, நமக்கும் அதுவே உடன்பாடு.

தல்லாகுளத்தில் இருந்துகொண்டு இதை எழுதக் காரணமுண்டு. அமெரிக்கன் கல்லூரி, காந்தி அருங்காட்சியகம், உலகத் தமிழ்ச் சங்கம், 2023இல் புதுநத்தம் சாலையில் திறக்கப்பெற்ற கலைஞர் நூற்றாண்டு நூலகம் என வைகையின் வடகரையில் வாசகர் நடமாடும் இடங்கள் பல. சிறிய துறை நூலகங்களும் தனியார் சேகரிப்புகளும் தத்தம் பட்டியலை இனித்தான் கணினியில் ஏற்றப் போகின்றன. அவற்றை என்றேனும் ஒன்றாக இணைக்க நேரின், வரிசை ஒன்றாக இருந்தால் பாதிவேலை மிச்சம்.

முதல் நூலைப் பதியுமுன் வெற்றுத்தளத்தில் நான்கே சொற்களை இட்டு வரிசைப்படுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்: மனம், அகம், மரம், அக்கா. அக்கா, அகம், மரம், மனம் என்று வந்தால் தொடரலாம். அகம், அக்கா, மனம், மரம் என்று வந்தால் அத்தளத்தை அழித்துவிட்டு மீண்டும் உருவாக்கச் சொல்லுங்கள். அப்போது இரண்டு நிமிட வேலைதான்.