சலாபத்துக்கு முன் ஒரு சோதனை

தூத்துக்குடியில் முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்த காலத்தில், அது அறிவிக்கப்படுவதற்கு முன் பார் சோதனை நடக்கும். கடலுக்குள் பத்துப் பாகம் அளவு ஆழத்தில் கிடக்கும் பாறைத் திட்டுகளே பார்கள். தொலயிரம் பார் அவற்றில் பேர்போனது. அரசின் சோதனைப் படகு பார்மேல் இடம் மாற்றி மாற்றி நங்கூரம் போடும். ஒவ்வோர் இடத்திலும் குளியாளிகள் இறங்குவார்கள். ஒரு முழுக்குக்கு எத்தனை சிப்பி, வயது என்ன, சிப்பியை மூடிக் கொல்லும் சூரன் என்ற மட்டி படர்ந்திருக்கிறதா என்பதெல்லாம் பதிவாகும்.

சிப்பி கிடக்கிறது என்பது பாதிச் செய்திதான். சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துகளைச் சல்லடையில் பிரித்து வியாபாரிகளிடம் மதிப்புக்கு வைப்பார்கள். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கு வரும். கரையில் போடும் கொட்டகை, காவல், குடிநீர், மருத்துவச் செலவுக்கு அது கட்டுமானால் சலாபம், கட்டாவிட்டால் இல்லை. 1928க்குப் பிறகு தூத்துக்குடி அடுத்த சலாபத்தைக் கண்டது 1955இல்தான்.

இன்றைய நிறுவனங்கள் ஒரு திட்டத்தில் பணம் இறக்குமுன் நடத்தும் ‘டிஸ்கவரி’ கட்டமும் இதே வேலைதான். ஆனால் பல இடங்களில் முடிவை எடுத்துவிட்டு, அதற்கு அறிக்கை தேடுகிறார்கள். ‘வேண்டாம்’ என்று சொல்ல இடமில்லாத ஆய்வு வெறும் சடங்கு.

யாரைக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். சலாபத்தில் குளியாளிக்குக் கூலி தரப்படவில்லை. எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது. ஆகவே சலாபம் கூடவேண்டும் என்பதே அவர் விருப்பமாக இருந்திருக்கும். மதிப்புப் போடும் வியாபாரியோ நாளை ஏலத்தில் சிப்பி வாங்கப்போகிறவர். விலை தாழ்ந்திருப்பது அவருக்கு நல்லது. கடலை அறிந்தவரும் சந்தையை அறிந்தவரும் இவர்களே என்பதால் இருவரையும் ஒதுக்கவும் முடியாது. சிப்பியை எண்ணி, முத்தை எடைபோட்டுப் பார்த்ததன் காரணம் இதுதான்.

எதிர்க்கரையில் நடந்தது வேறு. இலங்கை அரசு 1902இல் பேராசிரியர் ஹெர்ட்மனை வரவழைத்துப் பார்களை விரிவாக ஆராயச் செய்தது. 1905 சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அந்தச் சூட்டோடு 1906இல் ஒரு கம்பெனி, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய்க்கு, பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. முத்துச்சிப்பியின் ஆயுளோ ஐந்தாறு ஆண்டுகள். கண்ணால் கண்டது ஒரு தலைமுறைச் சிப்பி; கையெழுத்திட்டது மூன்று, நான்கு தலைமுறைக்கு. 1907க்குப் பிறகு பார்கள் வெறுமையாயின. குத்தகைக் காலம் பாதியை எட்டுமுன்பே கம்பெனி கலைந்தது.