ஜெயிலுக்குப் போயிட்டு வந்தா ஜீவனாம்ச பாக்கி கழிஞ்சிடுமா?

"கட்ட முடியலன்னா ஒரு மாசம் உள்ள இருந்துட்டு வந்துடலாம், கணக்கு முடிஞ்சிடும்." சேலம், நாமக்கல் பக்கம் இப்படிப் பேசுறவங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. முடியாது நண்பர்களே. கணக்கு அப்படியே நிற்கும்.

மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்கான ஜீவனாம்சம் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-வது பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பிஎன்எஸ்எஸ் 144. போதிய காரணம் இல்லாமல் கட்டாதவரை ஒரு மாதம் வரை, அல்லது பணம் கட்டும் வரை, சிறையில் வைக்கலாம். ஆனா சிறை என்பது பணத்தை வசூலிக்கும் வழிதான், பணத்துக்கு ஈடு இல்லை. குல்தீப் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை எண்பதுகளின் கடைசியிலேயே சொல்லிடுச்சு.

ஒரு கணக்கு போடுவோம். மாதம் 8,000 ரூபாய், வழக்கு நடந்தது 18 மாதம்னு வைங்க. 2020-ல் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புப்படி, மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காகும். இடைக்காலமா எதுவும் கட்டலன்னா, உத்தரவு வர்ற அன்னிக்கே பாக்கி 1,44,000 ரூபாய்!

இப்போ அவர் சிறைக்குப் போறார். லாரி ஓட்டுறவரா இருந்தா அந்த வண்டிக்கு வேற டிரைவர் ஏறியிருப்பார். கம்பெனி வேலைன்னா ஒரு மாசம் லீவுக்கு என்ன காரணம் சொல்றது? வெளிய வரும்போது வேலை இல்லை, பாக்கி இன்னும் 8,000 கூடியிருக்கு. பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸுக்கும் ஒரு ரூபாய் போகல. யாருக்கு லாபம்?

அதனால என் கருத்து இதுதான்: மாதச் சம்பளக்காரர்கிட்ட சம்பள ஜப்திதான் முதல் வழியா இருக்கணும், சிறை கடைசி வழி. அதுக்காக "பாவம், விட்டுடுங்க"ன்னு சொல்லல. அது பிள்ளையோட சாப்பாட்டுக் காசு. வசதி இருந்தும் ஒளிக்கிறவருக்கு சிறை இருக்கட்டும்.

உங்களுக்கோ நண்பருக்கோ இந்த நிலைமைன்னா மூணு விஷயம்:

1. வேலை போனாலோ சம்பளம் குறைஞ்சாலோ, உடனே பிஎன்எஸ்எஸ் 146-ல் தொகையை மாற்றக் கேட்டு மனு போடுங்க. கோர்ட் மாத்துற வரை பழைய தொகைதான்.
2. முழுசா முடியலன்னாலும் முடிஞ்சதைக் கட்டுங்க. கையில கொடுக்காதீங்க, பேங்க் வழியா அனுப்புங்க.
3. வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, போன் நம்பர் 15100. பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்பவர்கள், எல்லாருக்குமே அங்கே இலவச சட்ட உதவி உண்டு.

இஎம்ஐ தவறினா சிபில் ஸ்கோர் இறங்கும். இது தவறினா இறங்குறது உங்க பிள்ளையோட தட்டுல இருக்கிற சோறு. மாத பட்ஜெட்ல இதை முதல் வரியா எழுதுங்க.