ஓடினால் போதுமா?

பழைய மென்பொருளைப் புதிய மொழிக்கு மாற்றும் வேலை இப்போது தலைதெறிக்க நடக்கிறது. 1998-இல் வந்த விஷுவல் பேசிக் 6-இல் எழுதிய நிரலைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கொடுத்தால், சில நிமிடங்களில் ஜாவாஸ்கிரிப்டாகக் கைக்கு வந்துவிடுகிறது. ஓடுகிறது, எர்ரர் இல்லை என்றதும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறோம். ஆபத்தே அந்தக் கையெழுத்தில்தான்.

பழைய மொழியின் 'அண்ட்' எண்களைப் பிட் பிட்டாகப் பார்க்கும். இருபுறமும் வெறும் ஆம், இல்லை என்றிருந்தால் அதற்கும் அதன் இடத்தில் ஜாவாஸ்கிரிப்டில் போடும் &&-க்கும் விடையில் வித்தியாசம் தெரியாது. எண் நுழைந்தால் குட்டு வெளிப்படும்: 1 அண்ட் 2 என்றால் 0, அதாவது பொய். ஒரு வரியில் இரண்டு எழுத்துகளைத் தேடி, அவை 1-ஆம், 2-ஆம் இடங்களில் கிடைத்தால் பழைய நிரல் 'இல்லை' என்றது; && போட்ட புதியது 'உண்டு' என்கிறது. பழையதுதானே தப்பு என்பீர்கள். அந்தத் தப்பைச் சரிக்கட்ட யாரோ எப்போதோ வேறோர் இடத்தில் ஒரு வரி சேர்த்திருந்தால்?

இதைவிட மோசமானது இன்னொன்று. பழைய 'அண்ட்' இருபுறத்தையும் தவறாமல் ஓட்டும். இடப்பக்கம் பொய்யானால் && வலப்பக்கத்தைத் தொடவே தொடாது. 'பேரேட்டில் பதி அண்ட் தணிக்கைப் பதிவேட்டில் எழுது' என்ற வரியை இப்படி மாற்றினால், பேரேட்டுப் பதிவு தோற்ற அன்று தணிக்கைக்குச் சுவடே கிடைக்காது. சுவடு தேவைப்படுவதே அன்றைக்குத்தான்!

பைத்தானிலிருந்து சி-க்குப் போனால் வரியை அப்படியே நகலெடுத்தாலும் வம்புதான். 'கொடி & 4 == 0' என்பதில் பைத்தான் முதலில் &-ஐப் பார்க்கும்; சி முதலில் ==-ஐப் பார்க்கும். நாலும் சைபரும் என்றைக்கும் சமமாகாது, எனவே அந்தச் சோதனை சி-யில் ஒருநாளும் தேறாது. சி-க்கு முந்தைய பி மொழியில் ஒற்றை &-தான் பிட் வேலை, ஆம்-இல்லை வேலை இரண்டையும் செய்தது. && பிறகு வந்தது. ஏற்கெனவே எழுதிய நிரல்கள் கெட்டுவிடக் கூடாதென்று &-இன் வரிசையை சி-யை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி மாற்றாமல் விட்டார். அரை நூற்றாண்டாக அதற்கு வட்டி கட்டுகிறோம்.

'எல்லா டெஸ்டும் பாஸ்' என்ற அறிக்கையோடு ஒப்பந்ததாரர் வந்தால், அந்த டெஸ்டுகளை எழுதியது யார் என்று முதலில் கேளுங்கள். மாற்றிய கருவியே எழுதியது என்றால் திருப்பி அனுப்புங்கள். பழையதையும் புதியதையும் ஒரே தரவில், ஒரு மாதக் கணக்கு முடிப்பு வரையாவது, சேர்த்து ஓட்டி ஒப்பிட வேண்டும். அதுவரை கடைசித் தவணையைக் கொடுக்கக் கூடாது. பழைய சர்வரை அணைக்கவும் கூடாது.