பிளேஓவ் நாயகர்கள்: பட்டியல்கள் எதை எண்ணுகின்றன?

ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஸ்டான்லி கிண்ணத்துக்கான பிளேஓவ் சுற்றுகள் நடக்கும்போது, அச்சுற்றுகளில் வரலாற்றிலேயே மிகச் சிறப்பாக ஆடியவர் யார் என்ற பட்டியல்கள் கனடிய ஊடகங்களை நிறைக்கின்றன. ரொறன்ரோவில் உறவுகள் உள்ள எங்கள் வீடுகளுக்கும் தொலைபேசி வழியே இந்த விவாதம் வந்துவிடுகிறது. (அவர்களின் மேப்பிள் லீவ்ஸ் அணி 1967க்குப் பின் கிண்ணம் வெல்லவில்லை. ஆகவே மற்ற அணி வீரர்களை அளந்துபார்க்க அவர்களுக்கு நிறையவே நேரம்.)

பெரும்பாலான பட்டியல்களில் முதலிடம் வெய்ன் கிரெட்ஸ்கிக்குத்தான். ஐஸ் ஹொக்கியில் கோல் அடித்தாலும், கோலுக்கு வழிசமைத்துக் கொடுத்தாலும் ஒரு புள்ளி. கிரெட்ஸ்கி 208 பிளேஓவ் ஆட்டங்களில் 382 புள்ளிகள் எடுத்தார். இரண்டாவதாக உள்ள மார்க் மெஸ்ஸியே 236 ஆட்டங்களில் 295. இருவரும் 1980களின் எட்மன்டன் அணியில் ஒன்றாக ஆடியவர்கள். அது கோல்கள் மலிந்த காலம்; 1980களின் தொடக்கத்தில் ஒரு ஆட்டத்தில் இரு அணிகளுமாகச் சராசரியாக 8 கோல்கள் வரை அடித்தன. 1990களின் முடிவில் அது 5ஐச் சற்றே தாண்டியது. 1988இல் கிரெட்ஸ்கி லொஸ் ஏஞ்சலிஸ் அணிக்கு மாற்றப்பட்டார். அவர் இல்லாமலே எட்மன்டன் 1990இல் கிண்ணத்தை வென்றது. எட்மன்டன் இல்லாமல் அவரால் ஒருமுறைகூட வெல்ல முடியவில்லை.

மொன்றியல் அணியின் மோரிஸ் ரிச்சர்ட் 133 ஆட்டங்களில் 82 கோல்கள் அடித்தவர். அப்போது லீக்கில் ஆறே அணிகள். கிண்ணத்துக்கு இரண்டே சுற்றுகள். இன்று நான்கு. 1955 மார்ச்சில் ஆட்ட மத்தியஸ்தர் ஒருவரைத் தாக்கியதற்காக அந்தப் பருவத்தின் எஞ்சிய ஆட்டங்கள், பிளேஓவ் எல்லாவற்றிலிருந்தும் அவரை லீக்கின் தலைவர் தடைசெய்தார். குற்றம் உண்மை. ஆனால் தலைவர் ஆங்கில மொழி பேசுபவர், ரிச்சர்ட் பிரெஞ்சு மொழி பேசுபவர். தண்டனை தங்கள் இனத்துக்கே விதிக்கப்பட்டதாக மொன்றியலின் பிரெஞ்சு மக்கள் கருதினர். மார்ச் 17 இரவு நகரின் தெருக்களில் கலவரம் மூண்டது. ரிச்சர்ட் இல்லாத அணி இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் டிட்ரொயிட்டிடம் தோற்றது. புள்ளி அட்டவணையில் அந்த ஆண்டு அவருக்கு எதுவுமே இல்லை. அந்த வெறுமையின் பின்னால் இருந்த மொழிப் பகையை எந்தத் தரவரிசையும் சொல்வதில்லை.

என் பட்டியலில் முதலிடம் ஒரு கோல் காப்பாளருக்கு: பற்றிக் ரோய். பிளேஓவின் சிறந்த வீரருக்கான கொன் ஸ்மைத் விருதை மூன்று முறை (1986, 1993, 2001) பெற்றவர் அவர் மட்டுமே. 1993இல் மொன்றியல் முதல் ஆட்டத்தில் மேலதிக நேரத்தில் தோற்று, பின்னர் மேலதிக நேரத்துக்குச் சென்ற பத்து ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றது. மேலதிக நேரத்தில் விழும் முதல் கோலோடு ஆட்டம் முடிந்துவிடும். காப்பாளரின் ஒரு தவறுக்கு மாற்றே இல்லை. அந்த இறுதித் தொடரில் எதிரே நின்றவர் கிரெட்ஸ்கி. மொன்றியல் 4-1 என வென்றது. அதன்பின் எந்தக் கனடிய அணியும் கிண்ணம் வெல்லவில்லை. ரோய் பிறகு கொலராடோவுடனும் இருமுறை வென்றார். கிரெட்ஸ்கி இரண்டாவது, ரிச்சர்ட் மூன்றாவது.

சிக்கல் கொனர் மக்டேவிட்டில்தான். 2024இல் எட்மன்டனுக்காக 25 ஆட்டங்களில் 42 புள்ளிகள். இறுதித் தொடரில் புளோரிடாவிடம் 0-3 எனப் பின்தங்கிய அணியை நான்காம், ஐந்தாம் ஆட்டங்களில் தலா நான்கு புள்ளிகள் எடுத்து மீட்டார். கடைசி இரண்டு ஆட்டங்களில் அவருக்குப் புள்ளியே இல்லை. ஏழாவதில் அணி 2-1 எனத் தோற்றது. ஆயினும் விளையாட்டு ஊடகவியலாளர்கள் கொன் ஸ்மைத் விருதை அவருக்கே வாக்களித்தார்கள். 1965 முதல் வழங்கப்படும் இவ்விருதைத் தோற்ற அணியில் இருந்து பெற்ற ஆறாவது வீரர் அவர். விருதை வாங்க அவர் பனித்தளத்துக்கு வரவில்லை.

கிண்ணம் இல்லாதவரை முதல் பத்துக்குள் வைக்கலாமா என்று அங்கே கேட்கிறார்கள். நான் வைக்கிறேன், எட்டாவதாக. 2025 இறுதியிலும் அதே புளோரிடாவிடம் எட்மன்டன் 4-2 எனத் தோற்றது. அதற்காக அவரை ஒரு இடமும் கீழே இறக்கவில்லை.