கல்லாப்பெட்டி எந்த ஊரில் இருக்கிறது?

மத்திய தொழிலாளர் துறை அமைச்சர் ஒரு வார்த்தை சொன்னதும், ‘10 நிமிட டெலிவரி’ என்ற வாசகத்தை 2026 ஜனவரியில் மளிகை டெலிவரி செயலியான பிளிங்கிட் எடுத்துவிட்டது. அதற்குத்தான் எத்தனை பாராட்டு! போனது வாசகம் மட்டுமே. அதன் கிடங்கு அதே சந்தில் இருக்கிறது. முதுகில் பையோடு டெலிவரி இளைஞர் அதே சிக்னலில் பறக்கிறார். வேகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கல்லாவில் விழுந்த பணம் ராத்திரி எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்பாரில்லை.

என் தெருமுனை மளிகைக் கடையில் ஒரு நீள நோட்டு தொங்குகிறது. அதில் யார் பெயரும் கிடையாது. ‘மாடி டீச்சர்’, ‘புல்லட்காரர்’, ‘வேப்பமரத்து வீடு’ என்றுதான் பாக்கி எழுதியிருக்கும். “ஒண்ணாம் தேதி தந்துடறேன் அண்ணாச்சி” என்றால் அரைக் கிலோ துவரம்பருப்பு கைக்கு வந்துவிடும். அந்தப் பருப்பு விருதுநகர் சரக்கு. பாட்டிலில் இருக்கும் கடலை மிட்டாய் கோவில்பட்டி. வாசலில் கிடக்கும் தக்காளி கோயம்பேடு. கடைப் பையன் சம்பளம், வாடகை, சீட்டுப் பணம், ஊர்க் கொடைக்கு வரி எல்லாமே அந்தக் கல்லாவிலிருந்துதான். ஒரு ரூபாய் நாலு ஊர் சுற்றிவிட்டுத்தான் ஓய்கிறது.

இந்த இடத்தில் நான் எப்போதும் மகமையைப் பற்றிப் பேசுவேன். நண்பர்கள் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் கொஞ்சம் உட்காருங்கள். விருதுபட்டியாக இருந்த காலத்து விருதுநகரில், சந்தையில் சரக்கு கைமாறினால் அதில் ஒரு சிறு பங்கை நாடார் வியாபாரிகள் பொதுக் காரியத்துக்கு எடுத்து வைத்தார்கள். அதுதான் மகமை. வீடுகளில் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசி தனிக் கலயத்துக்குப் போனது. இப்படி மகமையும் பிடி அரிசியுமாக நடந்த பள்ளிதான் 1889-இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலா. காமராஜர் படித்தது அங்கேதான். ஊர்தோறும் பள்ளிக்கூடத்தில் சோறு போட்டவர் ஒரு பிடி அரிசிப் பள்ளியின் மாணவர் என்பது தற்செயல் என்று யாராவது சொன்னால், நான் ஏற்கமாட்டேன். 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியும் இந்த வணிகர் கூட்டத்தின் வேலைதான். சாதிச் சங்கத்துப் பணம்தானே என்று மூக்கைச் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். பணம் ஊரில் தங்கியது.

உற்பத்தியும் இந்தக் கடைகளின் தோளில்தான் ஏறியது. கடலூரில் 1983-இல் 15 ஆயிரம் ரூபாயோடு தொடங்கிய சிக் ஷாம்பு, பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கியே பெரிய கம்பெனிகளை எதிர்த்து நின்றது. அந்தக் கயிறு செயலியில் எங்கே இருக்கிறது? அங்கே முதல் வரிசையில் தெரிவதற்கே விளம்பரக் காசு கட்ட வேண்டும்.

ஓராண்டில் 2 லட்சம் மளிகைக் கடைகள் மூடப்பட்டதாக நுகர்பொருள் விநியோகஸ்தர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு 2024-இலேயே சொன்னது. அதைப் படித்துவிட்டும் ‘நுகர்வோருக்கு லாபம்’ என்று எழுதுகிறார்கள் பொருளாதார நிபுணர்கள். அண்ணாச்சி ஷட்டரை இறக்கும்வரைதான் தள்ளுபடி. இது தெரிய நிபுணத்துவம் வேண்டாம். ‘இளைஞர்களுக்கு வேலை’ என்பவர்கள் ஒரு வாரம் அந்தப் பையைச் சுமந்துவிட்டுப் பேசட்டும். பத்து வருடம் கடைப் பையனாக இருந்தவன் தனிக் கடை போட்ட கதை தெற்கே ஊருக்கு நூறு உண்டு. பத்து வருடம் டெலிவரி செய்தவர் கிடங்கு முதலாளி ஆகப் போவதில்லை.

அந்தப் பழைய மகமையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கிடங்கிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு ரூபாய். அது அந்த வார்டின் மாநகராட்சிப் பள்ளிக்கு. ஜிஎஸ்டி வந்தபின் இப்படியெல்லாம் வசூலிக்க முடியாது என்று சட்டம் பேசுவார்கள். வரி என்று ஏன் பெயர் வைக்க வேண்டும்? தொழில் உரிமம் உள்ளாட்சியின் கையில்தானே இருக்கிறது! உரிமத்தைப் புதுப்பிக்க வருகிறவர்களிடம் மேயர்களும் ஆணையர்களும் இந்த ஒரு ரூபாயைக் கேட்கட்டும். தர மறுத்தால், அந்தச் சந்தில் கிடங்கு வேண்டாம்.